இரண்டு கையும் எடுத்த கும்பிடு

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. வால்பாறையில் மழை இன்னும் விடவில்லை என்றும், எஸ்டேட்டில் கொடுத்த வீட்டில் விறகு காயவே மாட்டேன் என்கிறது என்றும், மருமகள் அட்டைக்குப் பயந்து காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டுதான் வாசலில் இறங்குகிறாள் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உப்பு வரைக்கும் சத்தமாகப் படித்தேன். அதற்குக் கீழே இருந்ததைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, "அவ்வளவுதானுங்க" என்று மடித்து வைத்துவிட்டேன். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாக ஊரை விட்டுக் கிளம்பும்போது பெற்ற அப்பா வாசலுக்கு வரவில்லை, கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்று எழுதியிருக்கிறாய். பட்டறையை வேண்டாம் என்று டீ எஸ்டேட் வேலைக்குப் போனது பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லியிருக்கலாம் என்றும், பட்டிப் பொங்கலுக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் முடித்திருக்கிறாய். இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்க மாட்டேன். அந்த முதுகுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது. அதை உனக்குச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும். உன் அப்பா பட்டறைக்குப் போயிருக்கிறார், மாவுக்கு அரிசி ஊறுகிறது, எனக்கு நேரம் இருக்கிறது. நீ அவசரக்காரன், கடைசிப் பக்கத்தை முதலில் திருப்புவாய். சின்ன வயதிலும் பலகாரத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்கிறவன்தான் நீ. இதை அப்படிச் செய்யாமல் வரிசையாகப் படி. படித்த பிறகும் பொங்கலுக்கு வரவில்லை என்று தோன்றினால் வராதே. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உனக்கு நினைவு தெரிந்து அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிள் வேறு. நான் சொல்வது அதற்கு முந்தியது. பட்டாளத்து ஏலத்தில் அவர் எடுத்த பழைய வண்டி. சண்டைக்குப் போய்த் திரும்பிய வண்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எந்தச் சண்டையிலும் அது ஜெயித்திருக்காது என்பது என் கட்சி. பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்து, ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று தொங்கிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருக்கும். அப்போது ஐம்பதுகளின் கடைசி. ஊர் ஊராகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. மாடு கட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் பம்பு இறங்கியது. பட்டறை பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தாலும், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உன் அப்பா பொறுப்பு. மோட்டார் மாட்டவும், மாட்டியது நின்று போனால் ஓட்டவும் வாரத்தில் பாதி நாள் அந்த ரோட்டில்தான் இருப்பார். வறண்ட காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று அந்தப் பக்கத்தில் அவருக்கு ஏக மரியாதை. அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "மோட்டார்காரர்" என்றால்தான் தெரியும்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. ஓடினால் ஓடும். நின்றால் நின்றதுதான். உதைத்து உதைத்துக் கால் வீங்கிப் போகும், நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். அதனால் உன் அப்பா வழியில் எங்கும் நிறுத்துவதில்லை. ஆனால் வழியெல்லாம் தெரிந்த முகங்கள். வரப்பில் நிற்கிறவர், கட்டை வண்டியில் வருகிறவர், பாலம் மேல் உட்கார்ந்திருக்கிறவர் என்று யாராவது, "வாங்க மோட்டார்காரரே" என்று கையெடுத்துவிடுவார்கள். நம் பக்கத்து மரியாதை உனக்குத் தெரியும். வயதில் பெரியவர் இரண்டு கையும் எடுக்கும்போது நீ ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனால் அது கும்பிடு இல்லை, ஈ ஓட்டுவது. வண்டியை நிறுத்த முடியாது, ஒற்றைக் கையால் கும்பிடக் கூடாது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

அது ஒரு தினுசான ஓட்டம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முறுக்கிய இடத்திலேயே நிற்கும்படி அந்த வண்டியில் ஒரு திருகு உண்டு. அதனால் கையை எடுத்தாலும் வேகம் குறையாது. இரண்டு முட்டியாலும் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை ரோட்டின் கடைசியில் வைத்துக்கொண்டு, நெஞ்சுக்கு நேராகக் கை கூப்பிக்கொண்டே போவார். அவசரமே இருக்காது. கும்பிட்டு முடித்துச் சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஹேண்டில்பாரைத் தொடுவார். புளியமர நிழலில் அந்த வண்டி தானாகப் போவதைத் தள்ளி நின்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் அழகு தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆனதே அந்தக் கும்பிடால்தான். உன் அப்பிச்சி, என்னைப் பெற்ற அப்பா, எனக்கு மாப்பிள்ளை தேடி அலுத்துப்போய் ஒரு நாள் பொள்ளாச்சியிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறார். எதிரில் இந்த வண்டி வருகிறது. முன்பின் தெரியாத மனிதர்தானே என்று உன் அப்பா பேசாமல் போயிருக்கலாம். தலைப்பாகையும் வெள்ளைமீசையுமாக ஒருவர் வருவதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கையும் மேலே போய்விட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது அப்பிச்சிக்கு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அம்மாவிடம் சொன்னார். "பட்டாளத்து வண்டியில போறவன், யாரு என்னன்னு தெரியாத எனக்கு ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டுப்போட்டுப் போறான். என்ற பொண்ணை இப்படிப்பட்ட ஒருத்தன் ஊட்டுக்குத்தான் அனுப்போணும்." விசாரித்ததில் பட்டறை, குலம், கோத்திரம் எல்லாம் பொருந்தியது. உன்னைப் போல மூன்று போட்டோவைப் பார்த்து இரண்டைக் கழித்துக்கட்டும் வேலையெல்லாம் எனக்கு இல்லை. கல்யாணத்தன்றுதான் முகத்தையே சரியாகப் பார்த்தேன்.

மறுவீடு முடிந்து அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து புகுந்த வீட்டுக்கு வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் முதல் கும்பிடு. இவர் எனக்கு வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். புதுப் பெண்டாட்டியிடம் ஆண்பிள்ளைகள் காட்டாத வித்தையா. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எனக்குக் காட்டறதுக்குன்னா வேண்டாமுங்க, நான் பார்த்துட்டனுங்க" என்றேன். அவர் திரும்பாமலே, "உனக்கெதுக்கு அம்மிணி காட்டறேன்? அந்தப் பெரியவரு கும்புடறாரு பாரு" என்றார். அவருக்கு அது வித்தையே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி, மரியாதை என்றால் கை போகும், கை போனால் வண்டி போகும். பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குள் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

பழகிவிட்டது. பயமும் பழகும் கண்ணு. கொஞ்ச நாளில் அவர் கையை எடுத்ததும் நானும் பின்னாலிருந்து கும்பிட ஆரம்பித்தேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். கிணத்துக்கடவு தாண்டி மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும், பாலக்காட்டுக் காற்று சேலையை இழுக்கும், எங்கள் இரண்டு பேர் கையிலும் ஹேண்டில்பார் இல்லை, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஊரே எங்களைக் கும்பிட்டது, நாங்கள் ஊரையே கும்பிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்தக் காரிலும் போனதில்லை.

பிறகு நீ பிறந்தாய். நீ கைக்குழந்தையாக என் மடியில், ஆனைமலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பொள்ளாச்சிச் சந்தை கலைந்து கட்டை வண்டிகள் சாரையாக வருகின்றன. ஒருத்தர் விடாமல் எல்லா வண்டிக்காரரும் கும்பிடு. உன் அப்பா கை கீழே இறங்கவே இல்லை. கடைசி வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு குறுக்கே வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அன்றைக்குச் சறுக்கியது. கையைக் கொண்டுபோய்ப் பிடிப்பதற்குள் வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கடலைக்காட்டில் படுத்துவிட்டது. உழுது வைத்த பூமி, மெத்தென்று இருந்தது. எனக்கு முழங்கை தேய்ந்தது, அவருக்கு உதடு கிழிந்தது. நீ என் மடியை விட்டு நழுவவே இல்லை. கண்ணை விழித்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாய். அவர் எழுந்து வந்து முதலில் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அந்த வண்டிக்காரர்கள் ஓடி வருவதைப் பார்த்து, என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? உதட்டில் ரத்தத்தோடு அவர்களைக் கும்பிட்டார்.

அங்கிருந்து நேராக மாசாணியம்மன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். உன்னை ஒன்றும் செய்யாமல் கொடுத்த அம்மனுக்கு, உன் காதுகுத்தை அங்கேயே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கையோடு உன் அப்பாவையும் சத்தியம் செய்யச் சொன்னேன். "இனிமே வண்டியில போறப்ப ரெண்டு கையையும் உடமாட்டேன்னு அம்மனெத் தொட்டுச் சொல்லுங்க. மீறுனீங்கன்னா நானே வந்து இங்க மொளகாய் அரைச்சுப் பூசிப்போடுவேன்." அநியாயம் செய்தவர்கள் மேல் நீதி கேட்டு அந்தக் கோயிலில் மிளகாய் அரைப்பார்கள், தெரியுமல்லவா? புருசன் மேல் அரைக்கிறேன் என்று மிரட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் சிரிக்கவில்லை. உன்னை வாங்கி உன் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்ததைக் காப்பாற்றவும் செய்தார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவர் எப்படிக் கும்பிடுவது? தலையை ஆட்டினார். கோழி தீனி கொத்துகிற மாதிரி ஒரு ஆட்டு. ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "மோட்டார்காரருக்குப் பையன் பொறந்ததும் மண்டைக்கனம் ஏறிப்போச்சு" என்று கிணற்றுக்குக் கிணறு பேச்சு. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு நாள் ஆனைமலைக்குப் போகிற வழியில், தன் வீட்டுப் பக்கத்து வாய்க்கால் திருப்பத்தில் உன் அப்பிச்சி நின்றுகொண்டிருந்தார். உன் மாமனுக்குப் பெண் கொடுப்பதாகத் தாராபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் கூட இருந்தார்கள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பிச்சி அவர்களிடம், "என்ற மருமவன் வாராரு. எப்படிக் கும்புடறாருன்னு மட்டும் பாருங்க, உங்க பக்கத்துல இப்படி ஒருத்தரைப் பாத்திருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, தானே முதலில் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். வண்டி வந்தது. தலை ஒரு தரம் ஆடியது. வண்டி போய்விட்டது. எடுத்த கை எடுத்தபடி நின்றாராம் அப்பிச்சி. வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் என் தம்பி, உன் மாமன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "அப்பன் காதுகுத்துக்கு வரமாட்டாராமா. என்னையும் போகக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு அக்கா" என்றான். எனக்குத் தலையில் இடி விழுந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? பொறந்த வீட்டுச் சீர் வராமல் நான் எந்த முகத்தோடு உன்னைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் நிற்பது? உன் அப்பாவிடம், "போய் எங்கப்பன்கிட்டச் சொல்லுங்க, நான்தான் சத்தியம் வாங்குனேன்னு சொல்லுங்க" என்று அழுதேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "உன்ற பேரெச் சொல்லி நான் தப்பிச்சுக்கோணுமா? பெத்த அப்பன்கிட்டப் பொண்ணைக் காட்டிக் குடுத்துப்போட்டு அந்த மரியாதை எனக்கெதுக்கு?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. இந்த விஷயத்தில் நீ அப்படியே அவர்தான்.

நானே உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அப்பிச்சி உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், முகர்ந்து பார்த்தார், மீசையைப் பிடித்து இழுக்க விட்டார். ஆடு பகை, குட்டி உறவு. எல்லாவற்றையும் சொன்னேன். கன்றுக்குட்டி, கடலைக்காடு, சத்தியம், மிளகாய் எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "கையை உட்டுப்போட்டு ஓட்டுங்கன்னு நானா சொன்னேன்? புள்ளைய வெச்சுக்கிட்டு அப்படி ஓட்டுனது தப்புத்தான். நிறுத்தி எறங்கிக் கும்புட்டிருக்கலாமல்ல?" என்றார். "நிறுத்துனாக் கெளம்பாதுங்கப்பா" என்றேன். "இரும்பு வண்டிக்கு என்ன, மூச்சா முட்டுது? எறங்க மனசில்லீன்னு சொல்லு" என்றார். எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை. அத்தனை பேர் மத்தியில் அவமானப்பட்டவருக்கு, வண்டி கிளம்பாது என்பது சாக்காகத்தான் தெரியும். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் புருசன், இரண்டு பேரும் நல்லவர்கள். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

காதுகுத்து நாள் வந்தது. உன் அப்பா பக்கத்துச் சொந்தமெல்லாம் பஸ்ஸில் போய்க் கோயிலில் இறங்கிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் வண்டியில் போனோம். வாய்க்கால் திருப்பம் வந்தது. அப்பிச்சி வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்காக நிற்கவில்லையாம், மடை பார்க்க வந்தாராம். மடை பார்க்க யாராவது சலவை வேட்டி கட்டிக்கொண்டு வருவார்களா? உன் அப்பா என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். வண்டிச் சத்தம் அடங்கியது. இறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "கும்புடறனுங்க மாமா" என்றார். அப்பிச்சி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். அவ்வளவுதான். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தை போதும்.

ஆனால் முகூர்த்தம் நெருங்கிவிட்டது, கோயில் இன்னும் ஒரு மைல், வண்டி கிளம்பவில்லை. உன் அப்பா உதைக்கிறார், உதைக்கிறார், வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுச் செத்துப்போகிறது. அப்பிச்சி முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய், உதைத்த காலை மாப்பிள்ளை நொண்ட ஆரம்பித்ததும் வரப்பை விட்டு இறங்கி வந்தார். "நெசமாலுமே கெளம்பாதுங்களா?" என்று கேட்டார். "கெளம்பாதுங்க மாமா." அப்பிச்சி என்னைப் பார்த்தார். தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டார், சலவை வேட்டியை மடித்துக் கட்டினார், வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்கப்பா, மாப்பிள்ளை வண்டியத் தள்ளோணும்." வீட்டுக்குள்ளிருந்து உன் மாமன் பட்டு வேட்டியில் வருகிறான். பின்னால் என் அம்மா, பெரியம்மா, சித்தி எல்லாரும் சீர்த்தட்டோடு வருகிறார்கள். தேங்காய், வெல்லம், பூ, உனக்கு வெள்ளி அரைஞாண் எல்லாம் விடியற்காலையிலேயே எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, கிழவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கண்ணு, உன் காதுகுத்துச் சீர் எப்படி வந்தது தெரியுமா? மேளம் முன்னால் போகவில்லை, அந்த ஓட்டை வண்டி முன்னால் போனது. உன் அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் அப்பிச்சியும் மாமனும் பங்காளிகளும் தள்ள, அதற்குப் பின்னால் தட்டோடு பெண்கள், கடைசியில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நான். பாதி வழியில் வண்டி படாரென்று ஒரு வெடி வெடித்துப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டால் நிறுத்த முடியாது, அவர் போயாக வேண்டும். போனவர் திரும்பிப் பார்த்தார். மாமனார், அந்த வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு, மீசையெல்லாம் புகைக்கரியோடு நடுரோட்டில் நிற்கிறார். உன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையும் கிளம்பிவிட்டது. முன்னால் வாய்க்காலின் அடுத்த வளைவு, வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

அப்பிச்சி கத்தினார். "கையை உடாதீங்க மாப்பிள்ளே." கத்திவிட்டுச் சடாரென்று உன் அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். எங்களையெல்லாம் பார்த்து, "திரும்புங்க, எல்லாரும் ஒட்டுக்கா அக்கட்ட திரும்புங்க. நாம பாத்தாத்தான அவரு கும்புடுவாரு" என்றார். சீர்த்தட்டு வைத்திருந்த பெண்கள், மாமன், பங்காளிகள், நான், என் இடுப்பில் நீ, எல்லோரும் கிழக்கே போகிற வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்து நின்றோம். கும்பிட ஆளில்லாமல் போனதும் அந்தக் கை ஹேண்டில்பாருக்குத் திரும்பியிருக்க வேண்டும். வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டியது. பிறகு ஹாரன் ஒன்று கேட்டது. ஒரே ஒரு தரம். அப்பிச்சி திரும்பாமலே தலையை ஆட்டி, "கும்புடு வாங்கிக்கிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பிச்சி வரப்பில் திரும்பி நின்று தென்னை மட்டையைப் பார்ப்பார். உன் அப்பா கையை விடாமல் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவார். ஊரும் பார்த்துப் பழகிக்கொண்டது. மோட்டார்காரர் வருகிறார் என்றால் வழியெல்லாம் பெரியவர்கள் முதுகைக் காட்டினார்கள். பொள்ளாச்சிக்குப் புதிதாக வந்த ஒரு பம்பு வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இந்த மனிதர் ஊருக்கே என்ன துரோகம் பண்ணினாரோ" என்று என் தம்பியிடம் விசாரித்தாராம். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பிச்சி போய்ச் சேர்ந்தார். வண்டியும் மாறியது, நின்றால் கிளம்புகிற வண்டி வந்தது. ஆனாலும் அந்தத் திருப்பத்தில் உன் அப்பா ஒரு தரம் ஹாரன் அடிக்காமல் போனதில்லை. "யாருமே இல்லியேப்பா" என்று டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு நீ கேட்டிருக்கிறாய்.

இப்போது நீ கிளம்பின நாளுக்கு வருகிறேன். நீ வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, மருமகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா உள்ளேதான் இருந்தார். வாசலில் நின்றால் நீ இறங்கி வந்து காலைத் தொடுவாய், அவர் கண் கலங்கும், நீ பார்ப்பாய், அந்தக் கலக்கத்தோடு ஆழியாறு தாண்டி அத்தனை கொண்டையூசி வளைவும் ஏறுவாய். அவர் கொல்லைப்புறமாகப் போய், ஓடாத மோட்டாரைப் பார்க்கிற மாதிரி, தெருவிலிருந்து தெரிகிற கிணற்றடியில் திரும்பி நின்றுகொண்டார். பட்டறையை விட்ட கோபமெல்லாம் அவருக்கு இல்லை. நீ வேலைக்கு எழுதிப் போட்டதே அவர் வாங்கி வந்த ஸ்டாம்பில்தான், மறந்துவிட்டாயா? நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு விர்ரென்று போனாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்பும் வரைக்கும் ஹாரன் எதுவும் கேட்கவில்லை.

வண்டிச் சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்தும் அவர் திரும்பவில்லை. அருகில் போனேன். இத்தனை வருஷம் மோட்டார் சத்தத்திலேயே கிடந்து அவருக்கு இப்போது காது மந்தம், உனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து, "ஏம்மிணி, பையன் ஹாரன் அடிச்சானா? எனக்குக் கேக்கலெ" என்றார்.

"அடிச்சானுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பட்டிப் பொங்கலுக்கு மருமகளோடு வா. மாட்டுக்குப் பொங்கல் வைத்து முடித்து நீங்கள் கிளம்பும்போது அவர் மறுபடியும் கிணற்றடிக்குத்தான் போவார், அதை நான் மாற்ற முடியாது. நீ இறங்காதே, கையை விடாதே. கொஞ்சம் பலமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா